45 டிகிரியில் ஏறினால்தான் நல்ல பங்கா?

போன இதழில் டிரெண்ட் கோடு (விலை போகும் போக்கைக் காட்டச் சார்ட்டில் இழுக்கும் கோடு) பற்றி எழுதும்போது, ‘கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதையும் அளந்து பாருங்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை பை நிறையக் கடிதம். டிவிடெண்ட், டீமேட் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம். வழக்கம்போல வாசகர்களின் ஊர் மட்டும்தான், பெயர் கிடையாது. முன்பு ஒருமுறை பெயரையும் ஊரையும் சேர்த்து அச்சிட்டு, டிப்ஸ் விற்கிறவர்கள் அந்த மனிதரைத் தேடிப் பிடித்துத் தினமும் போன் செய்து உயிரை எடுத்துவிட்டார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஸ்லோப்’ என்பதைப் பள்ளிக் கணக்குப் புத்தகம் சாய்வு என்கிறது. பத்திரிகைகள் சரிவு என்று எழுதினால் பங்கு விழுந்துவிட்டது என்று பொருள். ‘சரிவு அதிகமாகி ஏறுகிறது’ என்று எழுதினால் ஆசிரியர் என்னைத்தான் சந்தேகப்படுவார். அதனால் நான் கொத்தனார்கள் சொல்லும் ‘வாட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் வைப்பார்களே, அதேதான். ஏறுவாட்டம், இறங்குவாட்டம். பங்கு இறங்கினால் நம் முகத்துக்கு வருவதும் வாட்டம்தான் என்பது உபரி வசதி.

திருப்பூர் வாசகர்: 45 டிகிரி கோணத்தில் ஏறும் பங்குதான் ஆரோக்கியமானது, 60-க்கு மேல் போனால் ஆபத்து என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஒரே பங்கு, ஒரே கோடு. என் மொபைலில் 28 டிகிரி, கடைக் கம்ப்யூட்டரில் 51 டிகிரி. எது சரி சார்?

இரண்டும் சரி. இரண்டுமே எதற்கும் உதவாது.

நான் சார்ட்டைத் தொடுவதற்கு முன் முப்பது வருடம் வாய்க்கால் படம் வரைந்தவன். 1980-களின் நடுவில் வரைவாளர் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிளை வாய்க்காலின் நீள்வெட்டுப் படத்தை, அதாவது வாய்க்காலை நீளவாக்கில் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த படத்தை, கையில் கொடுத்து, ‘வாட்டம் எவ்வளவு, பார்த்துச் சொல்’ என்றார் தலைமை வரைவாளர். நான் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, ‘மூன்று டிகிரி ஐயா’ என்றேன். அறையில் இருந்த நான்கு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். ‘தம்பி, மூன்று டிகிரி என்றால் கிலோமீட்டருக்கு ஐம்பது மீட்டர் இறங்கும். நீ வரைவது வாய்க்காலா, குற்றாலமா?’

விஷயம் இதுதான். நீள்வெட்டுப் படத்தில் படுக்கைவாக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர், நெடுக்குவாக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று அளவு வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்குகிற வாய்க்கால் அது. உண்மை அளவில் வரைந்தால் தரையோடு ஒட்டிக்கொண்டு கோடே தெரியாது. அதனால் உயரத்தை மட்டும் நூறு மடங்கு இழுத்து வரைகிறோம். அப்படி இழுத்த படத்தில் கோணம் அளப்பது, ரப்பர் பலூனில் வரைந்த ஆளுக்கு உயரம் அளப்பது மாதிரி. வாட்டத்தை ‘2000-க்கு 1’ என்று எண்ணால்தான் சொல்ல வேண்டும்.

பங்குச் சார்ட் இன்னும் ஒரு படி மோசம். வாய்க்காலில் நீளமும் மீட்டர், உயரமும் மீட்டர். அதனால் படம் பொய் சொன்னாலும், நிஜத்தில் ஒரு கோணம் உண்டு. சார்ட்டில் கீழே நாள், பக்கத்தில் ரூபாய். ஒரு ரூபாய் எத்தனை நாளுக்குச் சமம்? அப்படி ஒரு கணக்கே உலகத்தில் கிடையாது. எனவே நிஜக் கோணம் என்று ஒன்று இல்லை. உங்கள் மொபைலைப் படுக்கைவாக்கில் திருப்புங்கள். கோடு அதே இரண்டு கேண்டில்களை (ஒரு நாள் அல்லது சில நிமிட விலையைக் காட்டும் சின்னக் கட்டைகளை) தொட்டுக்கொண்டிருக்கும், கோணம் மட்டும் படுத்துவிடும். விலை அளவுகோலை விரலால் பிடித்து மேலே இழுத்தால் நிமிர்ந்துவிடும். பங்கு நகரவே இல்லை, நகர்ந்தது உங்கள் கட்டைவிரல்.

45 டிகிரி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் கேன் என்ற அமெரிக்கர், 1878-ல் பிறந்து 1955-ல் இறந்தவர், கட்டம் போட்ட தாளில் கையால் சார்ட் வரைந்தார். ஒரு கட்டம் ஒரு நாள், ஒரு கட்டம் இத்தனை புள்ளி என்று முதலிலேயே நிர்ணயித்துக்கொண்டு வரைவதால் அந்தத் தாளில் 45 டிகிரிக்கு ஒரு பொருள் இருந்தது: ஒரு நாளுக்கு ஒரு கட்டம். அதை ‘ஒன்றுக்கு ஒன்று’ கோடு என்பார்கள். தாளை யாரும் விரலால் இழுக்க முடியாது. இன்றைக்கு வீடியோவில் பேசுகிறவர்கள் டிகிரியை மட்டும் எடுத்துக்கொண்டு தாளை விட்டுவிட்டார்கள். கேன் முறையை முறையாகப் பார்த்தே தீருவேன் என்றால், டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் விலை அளவுகோலில் வலது கிளிக் செய்து, விலைக்கும் கேண்டிலுக்கும் உள்ள விகிதத்தைப் பூட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோணம் மாறாது. ஆனால் எந்த விகிதத்தில் பூட்டுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

காரைக்குடி வாசகர்: நான் பயன்படுத்தும் மென்பொருளில் ‘லீனியர் ரிக்ரெஷன் ஆங்கிள்’ என்றே ஒரு இண்டிகேட்டர் (விலையிலிருந்து தானாகக் கணக்கிட்டுக் காட்டும் எண்) இருக்கிறது. திரையைப் பெரிதாக்கினாலும் எண் மாறவில்லை. இது நம்பகமானதுதானே?

திரையைச் சாராதது என்பது உண்மை. ஆனால் வேறு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அது முதலில் ‘நாளுக்கு இத்தனை ரூபாய்’ என்று வாட்டத்தைக் கணக்கிட்டு, அதை ஆர்க்-டேன் என்ற முக்கோணவியல் கணக்கு வழியாக டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. அதாவது, ஒரு ரூபாயும் ஒரு நாளும் சமம் என்று தானாகவே வைத்துக்கொள்கிறது.

எம்.ஆர்.எஃப். பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் பங்கு அது. லட்ச ரூபாய்ப் பங்கு நாளுக்கு 100 ரூபாய் ஏறினால் 0.1 சதவீதம், மெதுநடை. இண்டிகேட்டர் 89 டிகிரி காட்டும், ஏதோ ராக்கெட் கிளம்புவது போல. பக்கத்திலேயே 40 ரூபாய்ப் பங்கு ஒன்று நாளுக்கு 40 பைசா ஏறுகிறது என்று வையுங்கள். தினம் ஒரு சதவீதம், மூச்சு வாங்குகிற ஓட்டம். அதற்கு இண்டிகேட்டர் காட்டுவது 22 டிகிரி. எதை வாங்கச் சொல்கிறது இந்த எண்? டிகிரியைத் தூக்கி எறிந்துவிட்டு அதற்கு முந்தைய படியில் இருக்கும் ரூபாய் எண்ணை எடுத்து, பங்கின் விலையால் வகுத்துச் சதவீதமாக்குங்கள்.

மதுரை வாசகி: கோணம் வேண்டாம் என்றால் எதைத்தான் அளப்பது அண்ணா? எக்செல்லில் என்னால் முடியும். படிப்படியாகச் சொல்லுங்கள்.

எக்செல் தெரியும் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கற்பனைப் பங்கு ஒன்றின் ஐந்து நாள் முடிவு விலை: 200, 203, 206, 209, 202.

பெரும்பாலானவர்கள் செய்வது முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்துக் கோடு போடுவது. 200-லிருந்து 202. நான்கு இடைவெளி, இரண்டு ரூபாய். நாளுக்கு 50 பைசா. இதில் நடு நாட்கள் மூன்றும் கணக்கிலேயே இல்லை. கடைசி நாள் யாரோ ஒருவர் பெரிய லாட்டை விற்றிருந்தால் மொத்த முடிவும் அவர் கையில்.

அதற்குப் பதிலாக ஐந்து புள்ளிகளுக்கும் நடுவே, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு கோடு போடுவதுதான் லீனியர் ரிக்ரெஷன். ஒரு பத்தியில் நாள் எண் 1, 2, 3, 4, 5. பக்கத்துப் பத்தியில் விலை. ‘ஸ்லோப்’ என்ற ஃபார்முலாவில் முதலில் விலைப் பத்தி, பிறகு நாள் பத்தி. விடை 1. நாளுக்கு ஒரு ரூபாய். சராசரி விலை 204, எனவே நாளுக்கு ஏறக்குறைய 0.49 சதவீதம். இரு முனைக் கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்கு. பத்திகளை மாற்றிக் கொடுத்தால் 0.2 என்று வரும். அது ஒரு ரூபாய் மாற்றத்துக்கு எத்தனை நாள் என்கிற மாதிரியான எண், நமக்கு வேண்டாதது. எக்செல் தப்பு என்று சொல்லாது, அமைதியாக விடையைக் கொடுத்துவிடும்.

கையால் சரிபார்க்க ஆசையா? நடு நாளைப் பூச்சியமாக வைத்து, நாட்களை −2, −1, 0, 1, 2 என்று எழுதுங்கள். விலையோடு பெருக்கிக் கூட்டுங்கள்: −400, −203, 0, 209, 404. மொத்தம் 10. நாள் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் அதுவும் 10. வகுத்தால் 1. நான் முதன்முதலில் இதைப் பேப்பர் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோதுதான், மென்பொருள் எதோ மந்திரம் செய்கிறது என்ற பயம் போனது.

இரண்டு பள்ளங்கள் உண்டு, இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒன்று, பல தளங்களில் பழைய விலைகளை இறக்கினால் புதிய தேதி மேலே, பழைய தேதி கீழே என்று வரும். அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3 போட்டால் காலம் தலைகீழாகிவிடும். இறங்குகிற பங்கு ஏறுவதாகக் காட்டும். அப்படி ஒரு ஜவுளிப் பங்கை ‘அருமையான ஏறுவாட்டம்’ என்று என் மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. இரண்டாவது, நாள் எண்ணுக்குப் பதிலாகத் தேதிப் பத்தியையே கொடுத்தால் சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்ந்து எண்ணப்படும். சார்ட்டில் விடுமுறை நாட்கள் கிடையாது. அதனால் இரண்டு விடையும் ஒத்துப்போகாது. நாள் எண், தேதி இரண்டில் எதுவும் தவறில்லை, ஆனால் ஒரே முறையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும்.

எக்செல் வேண்டாம், சார்ட்டிலேயே வேண்டும் என்பவர்களுக்கு: அமிபுரோக்கர் என்ற சார்ட் மென்பொருளில் ‘லின்ரெக்ஸ்லோப்’ என்ற ஃபங்ஷனே இருக்கிறது, விலையையும் நாள் எண்ணிக்கையையும் கொடுத்தால் போதும். டிரேடிங்வியூவில் சொந்தக் கருவி எழுத உதவும் பைன் மொழியில் ‘லின்ரெக்’ கோட்டின் மேல் உள்ள புள்ளியைத்தான் தரும், வாட்டத்தை அல்ல. ஆஃப்செட் 0 வைத்து ஒருமுறை, 1 வைத்து ஒருமுறை கேட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது ஒரு கேண்டிலுக்கான வாட்டம்.

அதே வாசகியின் இரண்டாம் கேள்வி: வாட்டத்தோடு ‘ஆர்-ஸ்கொயர்’ பார்க்க வேண்டும் என்கிறார்களே?

கட்டாயம் பாருங்கள். மேலே போட்ட ஐந்து நாள் கணக்குக்கு ஆர்-ஸ்கொயர் 0.2-தான். விலை மேலும் கீழும் போனதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அந்தக் கோடு விளக்குகிறது, மீதி எல்லாம் குதிப்பு. ‘நாளுக்கு ஒரு ரூபாய் ஏறுகிறது’ என்று நான் எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் பாருங்கள். ஒன்றுக்கு நெருங்க நெருங்க விலை கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். டிரேடிங்வியூவின் ரிக்ரெஷன் கருவி காட்டுவது ‘பியர்சன் ஆர்’, வர்க்கப்படுத்தாதது. இங்கே 0.45 என்று காட்டும். பார்க்கப் பரவாயில்லை போலத் தெரியும், வர்க்கப்படுத்தினால்தான் சாயம் வெளுக்கும்.

சேலம் வாசகர்: 2020 கொரோனா வீழ்ச்சிக்குப் பிறகு நிஃப்டி ஏறியதும், 2022-லிருந்து 2024 வரை ஏறியதும் என் சார்ட்டில் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரிகின்றன. ஆனால் என் போர்ட்ஃபோலியோவில் முதல் ஏற்றத்தில் வந்த லாபம் இரண்டாவதில் வரவில்லை. நான் ஏமாந்தேனா?

நீங்கள் ஏமாறவில்லை, சார்ட் உங்களை ஏமாற்றியிருக்கிறது. இந்தக் கேள்விக்காகவே இந்த இதழ் கனமாகிவிட்டது. எண்களை எடுத்துப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியம்.

2020 மார்ச் 23-ல் நிஃப்டி முடிந்தது 7,610-ல். 2021 அக்டோபர் 18-ல் 18,477. ஏற்றம் 10,867 புள்ளி. இரண்டாவது: 2022 ஜூன் 17-ல் 15,293. 2024 செப்டம்பர் 26-ல் 26,216. ஏற்றம் சுமார் 10,920 புள்ளி. புள்ளிக் கணக்கில் இரட்டைப் பிள்ளைகள். சாதாரண அளவுகோலில் இரண்டும் ஒரே உயரச் சுவர்.

ஆனால் முதல் ஏற்றம் 143 சதவீதம். இரண்டாவது 71 சதவீதம். நேரமும் வேறு: முதலாவது 574 நாள், இரண்டாவது 832 நாள், விடுமுறை எல்லாம் சேர்த்து. ஆண்டுக்கு என்று மாற்றினால் கூட்டு வளர்ச்சியில் முதலாவது சுமார் 76 சதவீதம், இரண்டாவது சுமார் 27. புள்ளி வாட்டத்தை மட்டும் பார்த்தால் முதலாவது இரண்டாவதைவிட ஒன்றரை மடங்குக்கும் குறைவான வேகம்தான். பணத்தின் கணக்கில் மூன்று மடங்குக்குப் பக்கம். 27-ஐயும் குறை சொல்லாதீர்கள், என் பென்ஷன் அந்த வேகத்தில் ஏறியதில்லை.

இதற்கு மருந்து லாக் அளவுகோல். அதில் 100-லிருந்து 200-க்குப் போகும் உயரமும், 10,000-லிருந்து 20,000-க்குப் போகும் உயரமும் ஒன்று. சதவீத வளர்ச்சி சீராக இருந்தால் நேர்கோடாக விழும். டிரேடிங்வியூவில் ஆல்ட் விசையோடு எல் அழுத்தினால் மாறிவிடும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட எந்தச் சார்ட்டையும் நான் வேறு அளவுகோலில் பார்ப்பதில்லை. இரண்டு மாதத்துச் சார்ட்டுக்கு இது பெரிய வித்தியாசம் செய்யாது, விட்டுவிடலாம்.

எக்செல்லில் செய்பவர்கள் விலைப் பத்திக்குப் பக்கத்தில் ‘எல்.என்.’ ஃபார்முலா (விலையின் இயல் மடக்கை) போட்டு, அந்தப் பத்திக்கு ஸ்லோப் எடுங்கள். விடை 0.001 என்று வந்தால் நாளுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம். நம் சந்தைக்கு வருடத்தில் சுமார் 250 வர்த்தக நாள். 250-ஆல் பெருக்கி, மடக்கையைத் திருப்பும் ‘எக்ஸ்ப்’ போட்டு ஒன்றைக் கழித்தால் 28 சதவீதம், இதுதான் ஆண்டு வேகம். இதை ஆர்-ஸ்கொயரால் பெருக்கிப் பங்குகளை வரிசைப்படுத்துகிறவர்கள் உண்டு. வேகமாக ஏறியும் தடுமாறாமல் ஏறியும் இருப்பது மேலே வரும். எனக்குத் தெரிந்து பங்குக்குப் பங்கு ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

நாகர்கோவில் வாசகர்: ஐந்து நிமிடச் சார்ட்டில் 20 கேண்டில் வாட்டம் மேலே, தினசரிச் சார்ட்டில் 20 கேண்டில் வாட்டம் கீழே. எதை நம்ப?

இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. காலை 9.15-லிருந்து மாலை 3.30 வரை 375 நிமிடம், ஐந்து நிமிடக் கேண்டில் 75. இருபது கேண்டில் என்றால் ஒரு மணி நாற்பது நிமிடம். தினசரியில் இருபது கேண்டில் ஒரு மாதம். கடலில் அலை கரைக்கு வரும்போதே ஓதம் வற்றிக்கொண்டிருக்கலாம், உங்கள் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து நிமிடச் சார்ட்டில் இன்னொரு தந்திரம். நேற்று 3.30-ம் இன்று 9.15-ம் சார்ட்டில் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரியில் அமெரிக்கச் சந்தை செய்த வேலையெல்லாம் ஒரே ஐந்து நிமிடத்தில் நடந்ததாக வாட்டத்தில் சேரும். காலை பத்து, பத்தரை வரை அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

கும்பகோணம் வாசகர்: என்னிடம் உள்ள ரிலையன்ஸ் பங்குக்கு எக்செல்லில் வாட்டம் போட்டேன். 2024 இறுதியில் பயங்கர இறக்கம் காட்டுகிறது. ஆனால் சார்ட்டில் அப்படித் தெரியவில்லை.

2024 அக்டோபர் 28-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2,600 சொச்சத்தில் இருந்த விலை 1,300 சொச்சத்துக்கு வந்தது, உங்கள் கணக்கில் பங்கு இரட்டிப்பானது. சார்ட் மென்பொருள் பழைய விலைகளை எல்லாம் பாதியாக்கிச் சமன் செய்துவிட்டது. நீங்கள் எக்செல்லில் ஏற்றியது சமன் செய்யாத விலை. போனஸுக்கு முந்தைய விலைகளை இரண்டால் வகுத்துவிட்டு மறுபடியும் போடுங்கள்.

ஈரோடு வாசகர்: 200 நாள் சராசரிக் கோட்டின் வாட்டம் மேலே திரும்பினால் வாங்கலாம் என்பது என் விதி. போன மாதம் என் பங்கு மூன்று நாள் தொடர்ந்து ஏறியும் அந்தக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை. இந்தச் சின்னக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். சாதாரணச் சராசரியில் ஒவ்வொரு நாளும் புது விலை ஒன்று உள்ளே வரும், 200 நாளுக்கு முந்தைய விலை ஒன்று வெளியே போகும். நடுவில் உள்ள 199-ம் அப்படியே இருக்கும். ஆகவே கோடு ஒரே நாளில் நகர்வது இவ்வளவுதான்: இன்றைய விலையிலிருந்து வெளியே போகும் விலையைக் கழித்து, 200-ஆல் வகுத்த எண்.

உங்கள் பங்கு இன்று 500 என்று வைப்போம். நேற்று 490, நன்றாகத்தான் ஏறியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு வெளியே போன பழைய விலை 540. கழித்தால் −40, வகுத்தால் −20 பைசா. கோடு இறங்கும். அடுத்த வாரம் வெளியே போகப்போகிற விலைகள் 470, 465 என்று இருந்தால், உங்கள் பங்கு 500-லேயே தூங்கினாலும் கோடு மேலே திரும்பிவிடும். திரும்பியது இன்றைய சந்தையாலா, பத்து மாதத்துக்கு முன் நடந்ததாலா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் விதியை விடச் சொல்லவில்லை, நானும் அந்தக் கோட்டைப் பார்க்கிறவன்தான். பார்க்கும்போது சார்ட்டை 200 கேண்டில் பின்னால் தள்ளி, வாசல் தாண்டிப் போகிற விலை என்ன என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலூர் வாசகர்: இரண்டு பங்குக்கும் நாளுக்கு அரை சதவீத வாட்டம். ஒன்றில் நிம்மதியாகத் தூங்குகிறேன், இன்னொன்றில் தூக்கமே வரவில்லை. ஏன்?

இரண்டாவது தினமும் ஆடுகிற ஆட்டம் அதிகம். வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-ல் வெளியிட்ட ஏ.டி.ஆர். (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்) என்ற இண்டிகேட்டர் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஒரு நாளில் பங்கு சராசரியாக எத்தனை ரூபாய் ஆடுகிறது என்பதைச் சொல்லும். ரூபாய் வாட்டத்தை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 2 ரூபாய் ஏறும் பங்கு தினம் 5 ரூபாய் ஆடினால் 0.4. தினம் 25 ரூபாய் ஆடினால் 0.08. இரண்டாவதை வைத்திருப்பவர்கள் ராத்திரி எழுந்து தண்ணீர் குடிப்பார்கள்.

பெயரும் ஊரும் எழுதாத வாசகர்: இப்போது மிக நல்ல வாட்டத்தில் இருக்கும் ஐந்து பங்குகளைச் சொல்லுங்கள்.

மாட்டேன். பங்கு பரிந்துரைக்க, சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும், எனக்கு இல்லை. பதிவு இருந்தாலும் சொல்ல மாட்டேன், என் மைத்துனர் கதையைத்தான் மேலே படித்தீர்களே.

தஞ்சாவூர் வாசகி: வாட்டம் நன்றாக இருந்தால் நாளைக்கும் ஏறும் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது அம்மா. சேலத்துக்காரருக்காக எடுத்த அதே 2020 மார்ச் 23-ஐப் பாருங்கள். பிப்ரவரி 24-ல் 11,829-ல் இருந்த நிஃப்டி, நாளுக்குச் சுமார் 220 புள்ளி வீதம் இறங்கி அன்றைக்கு 7,610. அதைவிட மோசமான இறங்குவாட்டத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் இறங்கி 7,511-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நம் கருவி அளந்தது நடந்து வந்த பாதையை. அளவில் பிழையே இல்லை. ரிக்ரெஷன் கோட்டை வலது பக்கம் நீட்டிப் புள்ளி போட்டுக் காட்டும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. நான் அதை அணைத்து வைத்திருக்கிறேன்.

புதுக்கோட்டை வாசகர்: கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம், உங்களைப் போலக் கையால் வரைந்து பழக ஆசை. லாக் அளவுகோலைக் கையால் எப்படிப் போடுவது?

போட வேண்டாம், அச்சடித்தே கிடைக்கிறது. பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரிப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் ‘செமி-லாக் ஷீட்’ என்று கேளுங்கள், ஆய்வகத்துக்காகப் பிள்ளைகள் வாங்குவார்கள். ஒரு பக்கம் சீரான கட்டம், இன்னொரு பக்கம் கோடுகள் போகப் போக நெருங்கும். சீரான பக்கம் நாளுக்கு, நெருங்கும் பக்கம் விலைக்கு. தாளை அகலவாக்கில் பிடிக்கவேண்டி வந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கோடுகள் நெருங்குகிற முனை மேலே இருக்க வேண்டும், இதைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வாரம் வரைந்தவன் எழுதுகிறேன். தினம் முடிவு விலைக்கு ஒரு புள்ளி, எச்.பி. பென்சில். இருபது புள்ளி ஆனதும் கண்ணாடி ஸ்கேலை மேலே வைத்து, புள்ளிகள் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிகிற மாதிரி நகர்த்திக் கோடு இழுங்கள். கோட்டின் இரண்டு முனையிலும் உள்ள விலையைப் படித்து, மேல் விலையைக் கீழ் விலையால் வகுங்கள். அத்தனை நாளில் விலை எத்தனை மடங்கு மாறியது என்பது அதுதான். பாகைமானி பெட்டியிலேயே இருக்கட்டும்.